ஊரறிய எழுதும் ஃபைலில் வைஃபை பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

தங்கச்சிமடத்தில் நண்டு எடை போடும் கொட்டகை ஒன்றில், நான் அமைத்துக் கொடுத்த சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று ஓடுகிறது. வத்தைகள் கரைக்கு வந்ததும் யார் எத்தனை கிலோ இறக்கினார்கள், அன்றைய விலை என்ன, முன்பணத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் ஏறும். முதலில் கேபிள் இணைப்புதான் கொடுத்தேன். ஆறே மாதத்தில் பிளக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகள் பச்சை பூத்து, இணைப்பு விட்டு விட்டு வரத் தொடங்கியது. கேபிளை மாற்றினேன். அதுவும் அடுத்த வாடைக்காற்றைத் தாண்டவில்லை. பாம்பன் பக்கம் கடற்காற்று இரும்பையும் விடாது, செம்பையும் விடாது. சரி என்று வைஃபைக்கு மாறினேன்.

வைஃபை என்றால் பாஸ்வேர்டு வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆள் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்க முடியாது. கரண்ட் போய் வந்தால் பெட்டி தானே எழுந்து, தானே நெட்வொர்க்கில் சேர்ந்துகொள்ள வேண்டும். அப்படியென்றால் பாஸ்வேர்டு அதற்குள் எங்காவது எழுதியிருக்க வேண்டும். அந்த ‘எங்காவது’ எது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெட்டியில் இருப்பது நிக்ஸ்ஓஎஸ். இதுவும் ஒரு லினக்ஸ்தான், ஆனால் வேலை வாங்கும் விதம் வேறு. மற்ற லினக்ஸ்களில் கட்டளை மேல் கட்டளையாகக் கொடுப்போம்: இதை நிறுவு, அந்த ஃபைலைத் திருத்து, இந்த சேவையைத் தொடங்கு. ஆறு மாதம் கழித்து என்னென்ன செய்தோம் என்று நமக்கே ஞாபகம் இருக்காது. நிக்ஸ்ஓஎஸ்-இல் படிப்படியான கட்டளைகள் கிடையாது. கல்யாண வீட்டில் சமையல் மாஸ்டரிடம் பேசுவது மாதிரி. ‘500 இலை. சாம்பார், ரசம், இரண்டு கூட்டு, பாயசம்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். எந்த அடுப்பை முதலில் பற்றவைப்பது என்பது அவர் பாடு. அதே மாதிரி ‘இந்தக் கம்ப்யூட்டரில் இன்னின்ன மென்பொருள் இருக்க வேண்டும், இந்த நேர மண்டலம், இந்தப் பயனர்கள், இந்த வைஃபை’ என்று ஒரு ஃபைலில் அறிவித்துவிட்டால், அந்த நிலைக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோவது நிக்ஸின் வேலை. இதைத்தான் அறிவிப்பு முறை என்கிறார்கள். 2003-இல் நெதர்லாந்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா என்பவரின் ஆய்வு வேலையாகத் தொடங்கிய நிக்ஸ் என்ற கருவிதான் இதற்கெல்லாம் அடித்தளம்.

கடலோரத்தில் இருப்பவனுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். இங்கே கம்ப்யூட்டர் செத்துப்போவது எப்போது என்பது மட்டும்தான் கேள்வி. உப்பு ஏறி மதர்போர்டு போனால், புதுப் பெட்டி வாங்கி, அதே ஃபைலைக் கொடுத்தால் போதும். பழையதை உரித்து வைத்த மாதிரி புதியது எழுந்து நிற்கும். அந்த ஃபைலைத்தான் எல்லோரும் பத்திரமாக கிட் என்ற வரலாற்றுப் பதிவேட்டில் வைத்து, இணையத்திலும் ஒரு நகல் ஏற்றிவிடுகிறார்கள். பலர் அதைப் பொதுவிலேயே திறந்து வைப்பார்கள். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்வது நிக்ஸ் உலகில் வழக்கம். நானும் அப்படித்தான் கற்றேன்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. மளிகைக் கடைக்குப் போகும் சாமான் சீட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று யாராவது எழுதுவார்களா? நான் எழுதினேன்.

வைஃபை பெயர், அதற்கு எதிரே பாஸ்வேர்டு, இரண்டும் இரட்டை மேற்கோளுக்குள். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. முதலில் வீட்டில் வைத்துச் சோதித்த பெட்டியும் உடனே என் வீட்டு நெட்வொர்க்கில் சேர்ந்தது. வழக்கம்போல ஃபைலைப் பொதுவில் ஏற்றினேன். மூன்று வாரம் கழித்து, பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் ஏதோ பார்க்கப்போய், ‘மாமா, உங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டு ஊருக்கே தெரியுதே’ என்றான். அவசர அவசரமாக அந்த வரியை அழித்து மறுபடி ஏற்றினேன். அவன் சிரித்துக்கொண்டே பழைய பதிவைத் திறந்து காட்டினான். கிட் எதையும் மறக்காது, அது இருப்பதே அதற்குத்தான். கடைசியில் ரூட்டரிலேயே பாஸ்வேர்டை மாற்றினேன். அப்புறம் வீட்டில் இருந்த போன்கள், டிவி, பிரிண்டர், வாசல் கேமரா என்று ஒவ்வொன்றாகப் பிடித்து மறுபடி சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று.

‘நான் ஃபைலைப் பொதுவில் வைக்கவே மாட்டேன், எனக்கு இந்தக் கவலை இல்லை’ என்று நீங்கள் சொல்லலாம். அப்படியும் தப்ப முடியாது. நிக்ஸ் தான் கட்டுகிற எல்லாவற்றையும் நிக்ஸ் ஸ்டோர் என்ற ஒரே அடைவில், அதாவது ஃபோல்டரில், அடுக்குகிறது. ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னும் 32 எழுத்து நீளத்துக்கு ஒரு குறியீடு இருக்கும். உங்கள் அறிவிப்பிலிருந்து உண்டாகும் அமைப்பு ஃபைல்களும் அங்கேதான் போகும். அந்த ஸ்டோரில் இருப்பதை அந்தக் கம்ப்யூட்டரின் எந்தப் பயனரும் படிக்கலாம். லினக்ஸ் அனுமதி எண்ணில் சொன்னால் 444: எல்லோருக்கும் வாசிப்பு, யாருக்கும் எழுத்து இல்லை. அது தெரியாமல் நடந்த ஓட்டை கிடையாது, வடிவமைப்பே அப்படி. ஆகவே பாஸ்வேர்டை நேரடியாக எழுதினால், எடை எழுதும் பையனின் சாதாரணக் கணக்கிலிருந்தும் அதைப் படித்துவிடலாம். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும், பழைய தலைமுறை அமைப்பு ஸ்டோரிலேயே கிடக்கும். குப்பை கூட்டும் கட்டளையைக் கொடுக்கும்வரை அது போகாது. ஸ்டோரை இன்னொரு கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தால் பாஸ்வேர்டும் கூடவே போகும்.

இந்த இடத்தில் தொடங்குபவர்கள் கண்டுபிடிக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. அதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல விவரமுள்ளவர்களே இதில் ஏமாறுகிறார்கள். டபிள்யூபிஏ பாஸ்ஃப்ரேஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதற்கு நெட்வொர்க் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால், 64 எழுத்து நீளத்தில் புரியாத ஒரு சரத்தைத் துப்பும். அதைப் பார்த்ததும் ‘ஆகா, மறையாக்கம் ஆகிவிட்டது, இதை ஃபைலில் எழுதலாம்’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

அந்தக் கட்டளை செய்வது இதுதான். டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் ஓடும் வைஃபையில் நீங்கள் வைக்கும் பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்துவரை இருக்கலாம். நெட்வொர்க்கில் சேர்வதற்கு அந்தச் சொல் நேரடியாகப் பயன்படுவதில்லை. சொல்லையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து, எஸ்ஹெச்ஏ-1 என்ற அரவையில் 4096 சுற்று அரைத்து, 256 பிட் சாவி ஒன்றை எடுக்கிறார்கள். 256 பிட்டை பதினாறடிமான எண்களில் எழுதினால் 64 எழுத்து. உண்மையில் கதவைத் திறக்கும் சாவி அந்த 64 எழுத்துதான். உங்கள் போனும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டிலிருந்து இதைத்தான் செய்துகொள்கிறது. ஆக, சாவியின் பெயரை மறைத்துவிட்டு சாவியையே தூக்கி வெளியே மாட்டியது போல ஆகிறது. அதை எடுத்தவன் அப்படியே தன் அமைப்பில் ஒட்டி உங்கள் வைஃபையில் சேரலாம். மூலச் சொல்லை அவன் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை.

முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். வைஃபைக்கும் மெயிலுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் ஆளுக்கு, மூலச் சொல்லாவது உடனே வெளியே தெரியாது. அவ்வளவுதான் லாபம். இன்னொன்று, அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 முறை மட்டும் பேசும்படி ரூட்டரை வைத்திருந்தால் இந்த 64 எழுத்து அங்கே செல்லாது. அந்த முறைக்கு மூலச் சொல்லே வேண்டும்.

அப்படியானால் சரியான வழி என்ன? ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், மீதியெல்லாம் இதன் விரிவு: அறிவிப்பில் பாஸ்வேர்டு இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் எழுத வேண்டும். பாஸ்வேர்டு பூட்டிய நிலையில் வேறு ஃபைலில் இருக்கும். கம்ப்யூட்டர் எழும்போது, தன்னிடம் உள்ள சாவியால் அதைத் திறந்து அந்த முகவரியில் வைத்துக்கொள்ளும்.

பூட்டுவது என்றதும் வீட்டுப் பூட்டை நினைக்காதீர்கள். ராமேஸ்வரம் கோயில் உண்டியலை நினையுங்கள். ஏர்வாடி தர்கா உண்டியல், ஓரியூர் ஆலய உண்டியல், எது பழக்கமோ அது. காசு போட யாருக்கும் சாவி தேவையில்லை. போட்டவராலேயே திரும்ப எடுக்க முடியாது. திறப்பவர் சாவி வைத்திருப்பவர் மட்டும். பொதுச்சாவி மறையாக்கம் என்பது இதுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று பொதுச்சாவி, அது உண்டியலின் வாய். யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம், பொது ஃபைலிலேயே எழுதலாம். இன்னொன்று தனிச்சாவி. அது அந்தக் கம்ப்யூட்டரை விட்டு நகரக் கூடாது.

என்னிடம் மூன்று கம்ப்யூட்டர்கள்: கொட்டகைப் பெட்டி, என் லேப்டாப், ராமநாதபுரத்தில் வாடகை அறையில் ஒரு பழைய மேசைக் கம்ப்யூட்டர். மூன்றுக்கும் அதே வைஃபை ரகசியங்கள் வேண்டும். மூன்று தடவை தனித்தனியாக மறையாக்கம் செய்ய வேண்டுமா? வேண்டாம். ரகசியங்களை ஒரு பெட்டகத்தில் போட்டு ஒரே தடவை பூட்டுகிறோம். அந்தப் பெட்டகத்தின் சின்னச் சாவியை மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரின் உண்டியலிலும் ஒவ்வொன்றைப் போட்டுவிடுகிறோம். பெட்டகம், மூன்று உண்டியல்கள் எல்லாமே ஒரே ஃபைலுக்குள் அடக்கம். கொட்டகைப் பெட்டி தன் உண்டியலைத் திறந்து, சின்னச் சாவியை எடுத்து, பெட்டகத்தைத் திறக்கும். அந்த ஃபைலைப் பொதுவில் ஏற்றினாலும் மற்றவர்களுக்கு அது மூடிய பெட்டகம்தான்.

இந்த வேலைக்கு நிக்ஸ் உலகில் இரண்டு கருவிகள் பிரபலம்: சாப்ஸ்-நிக்ஸ், ஏஜ்நிக்ஸ். இரண்டாவதன் அடியில் இருப்பது பிலிப்போ வல்சோர்டா உருவாக்கிய ஒரு மறையாக்கக் கருவி. ஆங்கிலத்தில் ஏ, ஜி, இ என்று மூன்றே எழுத்து. ‘ஏஜ்’ என்றுதான் நாக்கு போகும், ஆனால் செய்தவர் ‘ஆகே’ என்று உச்சரிக்கச் சொல்கிறார். நான் இன்னும் ஏஜ் என்றுதான் சொல்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லலாம். சாப்ஸ் என்பது மொசில்லாவில் 2015-இல் பிறந்தது. அதுவும் உள்ளே ஏஜ் சாவிகளை ஏற்கும். ஏஜ்நிக்ஸில் ஒவ்வொரு ரகசியமும் தனித்தனி மூடிய ஃபைல். சாப்ஸில் ஒரே ஃபைலில் பல ரகசியங்கள் இருக்கும். பெயர்கள் வெளியே தெரியும், மதிப்புகள் மட்டும் மூடியிருக்கும். எந்த ரகசியம் மாறியது என்று கிட்டில் ஒரு பார்வையில் தெரிவதால் நான் சாப்ஸ் பக்கம். ஆனால் அதனாலேயே, வெளியே தெரியும் அந்தப் பெயரில் ஊர், வீட்டு எண் எல்லாம் எழுதி வைக்காதீர்கள்.

தனிச்சாவிக்கு எங்கே போவது? புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தூரத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சேவையை இயக்கியிருக்கும் கம்ப்யூட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கே உரிய ஒரு சாவி ஏற்கெனவே இருக்கும். இடிசி அடைவுக்குள் எஸ்எஸ்ஹெச் அடைவில், ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு மட்டுமே படிக்கக்கூடிய ஃபைலாக. அதன் பொதுப் பாதியை எடுத்து ஏஜ் வடிவத்துக்கு மாற்ற ஒரு சின்னக் கருவி இருக்கிறது. வந்த சரத்தை சாப்ஸ் அமைப்பு ஃபைலில் ஒரு வரியாகச் சேர்த்தால் உண்டியல் தயார்.

இனி கொட்டகைப் பெட்டி காலையில் எழும்போது நடப்பதைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆறரை மணிக்கு கரண்ட் வருகிறது. நிக்ஸ்ஓஎஸ் எழும்போது சாப்ஸ்-நிக்ஸ் தன் வேலையைத் தொடங்கி, எஸ்எஸ்ஹெச் தனிச்சாவியைக் கொண்டு மூடிய ஃபைலைத் திறக்கிறது. திறந்ததை ரன் அடைவுக்குள் சீக்ரெட்ஸ் என்ற இடத்தில் வைக்கிறது. அந்த இடம் வட்டில் கிடையாது, நினைவகத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். ஃபைலின் அனுமதி வழக்கமாக 0400, அதாவது அதன் உரிமையாளர் மட்டும் படிக்கலாம், வழக்கமாக அது ரூட். அப்புறம் வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் சேவை எழுந்து, அறிவிப்பில் சொன்ன முகவரிக்குப் போய், அங்கே பாஸ்வேர்டைப் படித்து, ரூட்டருடன் பேசுகிறது. எடை எழுதும் பையன் டீயைக் குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவன் கணக்கிலிருந்து ஸ்டோரை முழுக்கத் துழாவினாலும் கிடைப்பது முகவரி மட்டும்.

வைஃபையைப் பார்த்துக்கொள்ளும் சேவை இரண்டில் ஒன்றாக இருக்கும், எழுதும் விதம் அதைப் பொறுத்து மாறும். ஒரே இடத்தில் நிற்கும் பெட்டிக்கு டபிள்யூபிஏ சப்ளிகன்ட் போதும். நெட்வொர்க்கிங் வயர்லெஸ் என்ற பகுதியில் ‘சீக்ரெட்ஸ்ஃபைல்’ என்று ஒரு விருப்பம் உண்டு. அதற்கு ரகசிய ஃபைலின் முகவரியைக் கொடுக்க வேண்டும். நெட்வொர்க்குக்கு எதிரே ‘பிஎஸ்கேரா’ என்ற விருப்பத்தில் ‘எக்ஸ்ட்’ என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து, ஒரு புனைபெயர், உதாரணமாக ‘கொட்டகை’. ரகசிய ஃபைலுக்குள் ‘கொட்டகை’, சமக்குறி, உண்மையான பாஸ்வேர்டு என்று ஒரு வரி. புனைபெயரை நடைமுறையில் ஆங்கில எழுத்தில் வைப்பதே பிரச்சினை இல்லாதது. நிக்ஸ்ஓஎஸ்-இன் 24.11 பதிப்புக்கு முந்தைய பாடங்களில் ‘என்விரான்மென்ட்ஃபைல்’ என்றும், பெயருக்கு இருபுறமும் அட் குறி போட்டும் எழுதியிருப்பார்கள். அது பழைய முறை. அதைப் பார்த்து எழுதி, ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

ஊர் ஊராகப் போகும் லேப்டாப்பில் நெட்வொர்க்மேனேஜர் இருக்கும். அதற்கு ‘என்ஷ்யூர்புரொஃபைல்ஸ்’ என்ற விருப்பம். இணைப்பின் விவரங்களை அறிவிப்பில் எழுதி, பாஸ்வேர்டு வரும் இடத்தில் டாலர் குறியோடு ஒரு மாறியின் பெயரை விட்டுவைக்க வேண்டும். ரகசிய ஃபைலில் இருந்து உண்மையான மதிப்பு ஓடும்போது அங்கே உட்காரும். இதில் ஒரு சள்ளை: பாஸ்வேர்டில் இடைவெளி, பின்சாய்வு மாதிரி குறிகள் இருந்தால் ரகசிய ஃபைலில் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் பாஸ்வேர்டின் சில குறிகளை முழுங்கிவிட்டு ‘தவறான பாஸ்வேர்டு’ என்று சாதிக்கும்.

எந்த சேவையாக இருந்தாலும், ரகசியம் மாறும்போது அதை மறுபடி தொடங்கச் சொல்ல வேண்டும். சாப்ஸ்-நிக்ஸில் அதையும் அறிவிப்பாகவே எழுதலாம். அதோடு, அந்த சேவை எந்தப் பயனராக ஓடுகிறதோ அவருக்கு அந்த ரகசிய ஃபைலைப் படிக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சில குழிகள். விழுந்து எழுந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சிலர் பாஸ்வேர்டைத் தனி ஃபைலில் எழுதி, கிட் அதைக் கவனிக்காதபடி ஒதுக்கிவிட்டு, அறிவிப்பிலிருந்து அதை உள்ளிழுக்கப் பார்ப்பார்கள். அறிவிப்பு இருக்கும் கிட் அடைவையே நிக்ஸ் மொத்தமாக எடுத்துக்கொள்வதை ஃபிளேக் முறை என்பார்கள், அதில் கிட்டுக்குத் தெரியாத ஃபைல் நிக்ஸுக்கும் தெரியாது, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று சொல்லிவிடும். வேறு சிலர், கிட்டில் ஏறும் ஃபைலை மூடிவிடும் கிட்-கிரிப்ட் மாதிரி ஒன்றைப் போடுவார்கள். இணையத்தில் ஏற்றும் நகல் மூடியிருக்கும், உண்மைதான். ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் அது திறந்த ஃபைல். ஃபிளேக் முழு அடைவையும் ஸ்டோருக்குள் நகல் எடுக்கும்போது அந்தத் திறந்த ஃபைலும் உள்ளே போய், எல்லோரும் படிக்கும்படி உட்கார்ந்துகொள்ளும். வாசலைப் பூட்டிவிட்டு கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

இதைவிட நுட்பமானது மேற்கோள் குறி. ரகசியத்தின் முகவரியை எப்போதும் மேற்கோளுக்குள் எழுதுங்கள், அல்லது சாப்ஸ்-நிக்ஸ் தரும் முகவரியை அப்படியே பயன்படுத்துங்கள். மேற்கோள் இல்லாமல் எழுதினால் அதை நிக்ஸ் ஃபைல் பாதை என்று எடுத்துக்கொள்ளும். சில இடங்களில் அந்த ஃபைலையே தூக்கி ஸ்டோருக்குள் நகல் எடுத்துவிடும். ஃபைலை வாசித்து மதிப்பை உள்ளே கொண்டுவரும் ரீட்ஃபைல் கட்டளையும் அப்படித்தான். அது அமைப்பைக் கட்டும்போதே வாசித்துவிடுவதால், மதிப்பு நேராக ஸ்டோரில் போய்ச் சேரும். முகவரியைச் சொல்வது வேறு, போய் எடுத்து வருவது வேறு.

அடுத்தது முட்டை முதலா கோழி முதலா என்ற கதை. புதுப் பெட்டிக்கு நிக்ஸ்ஓஎஸ் ஏற்ற இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை, வைஃபைக்கு ரகசியம், ரகசியத்துக்கு அந்தப் பெட்டியின் சாவி. சாவியோ நிறுவிய பிறகுதான் பிறக்கும். போனை யூஎஸ்பியில் செருகி, அதன் இணையத்தில் முதல் நிறுவலை முடித்துவிடுவது என் வழக்கம். முதல் தடவை எழுந்ததும் அதன் பொதுச்சாவியை எடுத்து, லேப்டாப்பில் சாப்ஸுக்குச் சொல்லி, ‘அப்டேட்கீஸ்’ கட்டளை கொடுத்தால் புது உண்டியலும் சேர்ந்துவிடும். அதை ஏற்றி, பெட்டியில் இறக்கினால் வைஃபை வரும். கேபிள் துருப்பிடிக்கும் என்று மேலே சொன்னேன் என்பதற்காக நல்ல கேபிள் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளாமல் இருக்காதீர்கள். மூடி போட்ட டப்பாவில் போட்டு வைத்தால் தாங்கும்.

தூரத்தில் இருக்கும் பெட்டிக்கு வைஃபை ஒன்றுதான் வழி என்றால், அதன் வைஃபை அமைப்பை தூரத்திலிருந்து மாற்றும்போது நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். ‘டெஸ்ட்’ என்ற விதத்தில் முதலில் ஏற்றிப் பாருங்கள். அது பூட் பட்டியலில் பதியாது. இணைப்பு அறுந்தாலும் கொட்டகைக்கு ஒரு போன் போட்டு ‘அண்ணே, சுவிட்சை அணைத்துப் போடுங்க’ என்றால் பழைய அமைப்போடே எழுந்துவிடும். இந்த ஒரு வசதிக்காகவே நிக்ஸ்ஓஎஸ்-இன் மற்ற தொல்லைகளை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் சாவி தொலைவது. கொட்டகைப் பெட்டியின் வட்டு செத்தால் அதன் தனிச்சாவியும் கூடவே சாகும். உண்டியல் அது ஒன்றுதான் என்றால் ரகசியங்கள் உங்களுக்கே கிடைக்காது. அதனால் கம்ப்யூட்டர்களின் சாவிகளோடு, உங்களுக்கென்று ஒரு தனி ஏஜ் சாவியும் பட்டியலில் இருக்க வேண்டும். ஏஜ் தனிச்சாவி ஒரே ஒரு வரி, காகிதத்தில் எழுதி வைக்கலாம். நான் இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அம்மாவின் பீரோவில் நிலப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். அது என்ன என்று அம்மா கேட்டதற்கு, ‘கம்ப்யூட்டருக்குப் பத்திரம்’ என்றேன். திருப்தியாகப் பூட்டிக்கொண்டார்.

இந்த ஏற்பாடு எதைக் காக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் ரூட் அதிகாரம் உள்ளவர் ரகசியத்தைப் படிக்கலாம், அதைத் தடுக்கவே முடியாது. ஓடும் ரயிலில் லேப்டாப் தொலைந்து, அதன் வட்டு மறையாக்கம் செய்யப்படாமல் இருந்தால், எடுத்தவர் வட்டைக் கழற்றி எஸ்எஸ்ஹெச் தனிச்சாவியையே எடுத்துவிடலாம். சாவி கிடைத்தால் உண்டியலும் அவருக்குத்தான். ஆகவே கையோடு தூக்கிப் போகும் கம்ப்யூட்டருக்கு லக்ஸ் என்ற முழு வட்டு மறையாக்கமும் வேண்டும். தொலைந்த கம்ப்யூட்டரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். கிட்டின் பழைய பக்கங்களில் அதற்கான உண்டியல் அப்படியே இருக்கிறது. பெயரையும் நீக்க வேண்டும், ரூட்டரில் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். கூட்டாளி பிரிந்து போனால் கடைப் பூட்டை மாற்றுவோம் இல்லையா, அது மாதிரி.

இவ்வளவும் செய்து முடித்த ஒரு மாதம் கழித்து கொட்டகைக்குப் போனேன். நண்டு ஏற்ற வந்த வண்டி டிரைவர் போனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வைஃபை என்று கேட்டேன். அவர் ஐஸ் பெட்டியைக் காட்டினார். மூடியில் கறுப்பு மார்க்கரில், கொட்டை எழுத்தில், நான் நாலு நாள் உட்கார்ந்து பூட்டிய அதே பாஸ்வேர்டு. ‘வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க தம்பி, எத்தனை தடவை சொல்றது?’ என்றார் கொட்டகைக்காரர்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ரூட்டரில் விருந்தாளி நெட்வொர்க் என்று ஒரு வசதி இருந்தது. தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு, அதில் சேர்ந்தவர்களுக்கு இணையம் மட்டும் கிடைக்கும், கணக்குப் பெட்டி கண்ணில் படாது. அதை இயக்கிவிட்டு, பழைய பாஸ்வேர்டை மாற்றி, சாப்ஸ் ஃபைலைத் திறந்து ஒரே ஒரு வரியைத் திருத்தி ஏற்றினேன். மூன்று கம்ப்யூட்டரிலும் அதை இறக்கியதும் மீதியை அவை தானே பார்த்துக்கொண்டன. ஐஸ் பெட்டி மூடியை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, விருந்தாளிப் பாஸ்வேர்டை அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். இந்தத் தடவை இன்னும் பெரிதாக எழுதினார்.